இறக்கி வைக்காத பால்குடம்

முருகனிடம் பொய் சொன்னவர்கள் யாராவது இதைப் படிக்கிறீர்களா? கையைத் தூக்க வேண்டாம். பக்கத்தில் மனைவி இருக்கலாம்.

எனக்கு ஐம்பத்திரண்டு வயது. பெயர் குணா. வாரநாட்களில் சிங்கப்பூரின் அடுக்குமாடி புளோக்குகளில் லிஃப்ட் பழுது பார்க்கிறேன். வார இறுதியில் கல்யாண விருந்துகளில் மைக் பிடித்து ஆட்களைச் சிரிக்க வைக்கிறேன். என் சரக்கு புருஷன் பெண்டாட்டி நகைச்சுவை. எத்தனையோ மாப்பிள்ளைகளுக்கு மேடையில் வைத்து முதலிரவு அறிவுரை வழங்கியவன் நான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வருவதைப் படிக்கும்போது சிரிப்பதற்கு வசதியாக இருக்கும்.

மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்து மூன்று மாதத்துக்கு மேல் ஆகிறது. என்னைப் போல எத்தனை பேர் எந்தெந்தச் சாமிக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறார்களோ, தெரியவில்லை. அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். என் மனைவி வசந்தி படித்துப் பார்த்துவிட்டு, "எழுதுங்க. ஆனா நான் அழுததை மட்டும் கொஞ்சமா எழுதுங்க" என்று அனுமதி கொடுத்திருக்கிறாள்.

ஆசை போனது எந்த நாள் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும் மின்விசிறி எப்போதோ நின்றுவிடும். நின்றது தெரியாது. கொஞ்ச நேரம் கழித்து, 'ஏன் இவ்வளவு அமைதியாக இருக்கிறது' என்று தலையைத் தூக்கிப் பார்ப்போம். அப்படித்தான் ஒருநாள் தலையைத் தூக்கிப் பார்த்தேன். மாதக்கணக்கில் ஆகியிருந்தது. வசந்தி மேல் கோபம் இல்லை, வெறுப்பு இல்லை. வேறு யார் மேலும் ஆசை இல்லை. எதுவுமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. ஒரு அறையைத் திறக்கும்போது உள்ளே சாமான் மட்டும் இல்லையென்றால் பரவாயில்லை. எனக்கு அந்த அறையே இல்லை.

என்னோடு வேலை பார்க்கும் ஜமால் பாயிடம் மட்டும் சொன்னேன். அவர் தாத்தா காலத்திலேயே நாகூர்ப் பக்கமிருந்து வந்து இங்கே வேரூன்றிய குடும்பம். பதினாறாவது மாடிக்கு மேலே, லிஃப்ட் மோட்டார் அறையில், இரண்டு பேரும் கிரீஸ் கையோடு உட்கார்ந்திருந்தோம்.

"பாய், என் ஃபிரெண்டு ஒருத்தனுக்கு ஒரு பிரச்சனை."

"சொல்லு லா."

"வீட்ல... அந்த மாதிரி நினைப்பே வரமாட்டேங்குதாம்."

பாய் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உன் ஃபிரெண்டு கல்யாணத்துல மைக் புடிச்சு ஜோக் அடிப்பானா?"

நான் ஸ்பானரைத் துடைத்தேன். துடைத்த ஸ்பானரை மறுபடி துடைத்தேன்.

"அவனை கவர்மெண்டு பாலிகிளினிக் போகச் சொல்லு," என்றார் பாய். "வெக்கப்படாம போகச் சொல்லு. அதுக்குன்னு விக்கிற மூலிகை, தொங்காட் அலி காப்பி மட்டும் வேணாம்னு சொல்லு. நான் ஒரு தடவை குடிச்சேன். மூணு நாள் தூக்கம் வரல. வேற ஒண்ணும் வரல."

இவ்வளவு தெளிவான அறிவுரை கிடைத்த பிறகு நான் என்ன செய்திருப்பேன்? தொங்காட் அலி காப்பி குடித்தேன். தூக்கம் போனது. லிட்டில் இந்தியாவில் ஒரு கடையில், நான்கு பெண்கள் மஞ்சள் தூள் வாங்கிப் போகும்வரை காத்திருந்து, லேகியம் வாங்கினேன். வயிறு போனது. பாலிகிளினிக் மட்டும் போகவில்லை. அங்கே நம் ஆட்கள் யாராவது பதிவு மேசையில் இருந்தால்? "அண்ணே, போன மாசம் என் தங்கச்சி கல்யாணத்துல நீங்கதானே அறிவுரை சொன்னீங்க?" என்று கேட்டால்?

தீபாவளி முடிந்து சில வாரங்கள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், வசந்தி என் தோளில் கை வைத்தாள். வெறும் கைதான். எனக்கு உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. நடுவழியில் நின்றுபோன லிஃப்டைத் திறக்கும்போது உள்ளே இருப்பவர்களின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு என் முகம் அப்படி இருந்திருக்கும். வாயில் தானாக வந்தது இது:

"வசந்தி, வர்ற தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கலாம்னு இருக்கேன். விரதம் ஆரம்பிச்சுடறேன்."

கையை எடுத்துக்கொண்டாள். "என்னங்க திடீர்னு? என்ன வேண்டுதல்?"

"நம்ம பாப்பா படிப்புக்கு."

"அவதான் பாலிடெக்னிக்ல நல்லாப் படிக்கிறாளே."

"அதான். நன்றி சொல்லணும்ல."

விரதத்தின் விதிகள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். நாற்பத்தெட்டு நாள். கவிச்சி கிடையாது, பீர் கிடையாது. தரையில் பாய் விரித்துத் தனியாகப் படுக்க வேண்டும். மனைவியைத் தொடக்கூடாது. நாற்பத்தெட்டு நாள் மனைவியைத் தொடாதவனை யாரும் 'ஏன்' என்று கேட்பதில்லை. கையெடுத்துக் கும்பிடுகிறார்கள். இதைவிட நல்ல ஒளிவிடம் சிங்கப்பூரில் எங்கே கிடைக்கும்?

வசந்தி என் பொய்யைத் தினமும் காலை ஐந்து மணிக்கு எழுந்து பரிமாறினாள். எனக்காக அவளும் மீனை விட்டாள். மீன் இல்லாமல் ஒரு வேளைகூடச் சாப்பிடாதவள் அவள். என் வேட்டியைத் தனியாகத் துவைத்தாள். எனக்குத் தனிச் சட்டி, தனித் தட்டு. ஹாலில் பாயைப் போட்டுத் தலைமாட்டில் தண்ணீர் வைத்துவிட்டு, அறைக்குள் போய்க் கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொள்வாள்.

தைப்பூசத்தன்று சிராங்கூன் ரோட்டில் குடத்தைத் தலையில் தூக்கிவைத்தார்கள். வெறுங்காலோடு நடந்தேன். வசந்தி பக்கத்திலேயே வந்தாள். எடுப்பவர் ஒவ்வொருவருக்கும் ஒரு வேண்டுதல் இருக்கும். நோய் தீரணும், வீடு அமையணும், பிள்ளை பிறக்கணும். டோபி காட் பக்கம் வரும்போது என் வேண்டுதல் எனக்கே காதில் கேட்டது. 'முருகா, வசந்தி மட்டும் எதுவும் கேட்காம இருக்கணும்.'

டேங்க் ரோடு கோயிலில் பாலைக் கொடுத்தேன். குடத்தை இறக்கினேன். பாரம் இறங்கவில்லை.

இதை நகைச்சுவைக்காகச் சொல்லவில்லை. நெற்றிக்குப் பின்னால், இரண்டு கண்ணுக்கும் நடுவில், உள்ளே தள்ளி ஒரு கனம். வெயில் என்று நினைத்தேன். மறுநாளும் இருந்தது. அடுத்த வாரமும் இருந்தது. குளிக்கும்போது கை தானாக உச்சந்தலைக்குப் போய், அங்கே எதுவும் இல்லை என்று தடவிப் பார்த்துவிட்டு வரும்.

என் வேண்டுதலோ அப்படியே பலித்தது. வசந்தி கேட்கவே இல்லை. தைப்பூசம் முடிந்ததும், "பங்குனி உத்திரம் வரைக்கும் இப்படியே இருக்கலாம்னு தோணுது" என்றேன். சரி என்றாள். பிறகு வைகாசி விசாகம். பிறகு ஆடிக் கிருத்திகை. முருகனுக்கு வருடம் முழுக்க விசேஷம். எனக்கு வருடம் முழுக்க விடுமுறை. மாமியார் தொலைபேசியில் என்னைப் புகழ்ந்தார். பக்கத்து வீட்டுக்காரர் பேரனைத் தூக்கிவந்து விபூதி பூசச் சொன்னார். பூசினேன். கை நடுங்கியது. 'இவர் ஏதோ நிலையில் இருக்கிறார்' என்று அவர் பக்தியோடு போனார்.

அப்புறம் ஆட்கள் மறைய ஆரம்பித்தார்கள்.

வசந்தியோடு பஃபலோ ரோட்டில் காய்கறி வாங்கிக்கொண்டிருப்பேன். பேசிக்கொண்டே வருவாள். குரல் இருக்கும், ஆள் இருக்கமாட்டாள். திடுக்கிட்டுத் திரும்பினால் என் தோளை ஒட்டித்தான் நிற்பாள். முகத்தை நேராக வைத்துக்கொண்டால் இல்லை, திருப்பினால் இருக்கிறாள். கதவு நிலையில் தோள் இடித்தது. எதிரே வருபவர்கள் மேல் மோதினேன். உலகத்தின் இரண்டு ஓரத்தையும் யாரோ திரை போட்டு மெதுவாக மூடிக்கொண்டு வந்தார்கள். யார் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். முதலில் ஆசையை எடுத்தான். இப்போது பக்கத்தில் இருப்பவளை எடுக்கிறான். பொய் சொன்னவனுக்கு இதெல்லாம் தவணை முறையில் வரும் என்று நம்பினேன். கண் மருத்துவரிடம் போகும் யோசனை வரவில்லை. செய்த குற்றத்தைக் கண்ணாடி போட்டுச் சரி செய்ய முடியுமா?

ஆவணியில் ஒரு கல்யாண விருந்து. மண்டபம் நிறைய ஆட்கள். நான் மேடையில்.

"மாப்பிள்ளை, ஒரே ஒரு விஷயம். கல்யாண வாழ்க்கை லிஃப்ட் மாதிரி. பட்டனை நூறு தடவை அமுக்கினாலும் அது வர்ற நேரத்துக்குத்தான் வரும். சும்மா சும்மா அமுக்கினா..."

மண்டைக்குள் ஏதோ வெடித்தது. தலைவலி என்று சொன்னால் அதற்கு அவமானம். விளக்குகளெல்லாம் நடுவில் ஒரு புள்ளியாகச் சுருங்கின. மைக் கையிலிருந்து விழுந்தது, பின்னாலேயே நானும் விழுந்தேன். மேசை விரிப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டு, மாப்பிள்ளையின் காலடியில் வாந்தி எடுத்தேன்.

மண்டபம் கை தட்டியது. முன்வரிசையில் ஒருவர் விசில் அடித்தார். கைதட்டலுக்கு நடுவில், எங்கிருந்தோ, வசந்தி மட்டும் என் பெயரைச் சொல்லிக் கத்தினாள். இருபத்தாறு வருடத்தில் அவள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் முறை. அந்தக் கைதட்டல் இப்போதும் சில வேளை காதில் கேட்கிறது. லிஃப்ட் அறையில் தனியாக இருக்கும்போது அதிகம்.

அவசரப் பிரிவில் தலையை ஸ்கேன் எடுத்தார்கள். மூளைக்கு அடியில் ஒரு கட்டி, அதற்குள் ரத்தக் கசிவு என்றார்கள். கையில் ஊசி, ஊசியில் குழாய். உடம்பு நெருக்கடியைத் தாங்குவதற்கு ஒரு ஹார்மோன் வேண்டுமாம். அது என்னிடம் குறைந்துவிட்டதால் மருந்தாக ஏற்றினார்கள். பிறகு எம்ஆர்ஐ. குறுகலான குழாய்க்குள் தள்ளினார்கள்; வெளியே யாரோ தகரத்தை அடிப்பது போன்ற சத்தம். லிஃப்ட் பெட்டிக்குள் மாட்டிக்கொண்டவர்களிடம் நான் வழக்கமாகச் சொல்வதை எனக்கே சொல்லிக்கொண்டேன்: "பயப்படாதீங்க, காத்து வரும், ஆள் வந்துட்டிருக்கு." மற்றவர்களுக்கு அது எவ்வளவு உபயோகமற்ற ஆறுதலாக இருந்திருக்கும் என்று அப்போதுதான் புரிந்தது.

மறுநாள் ஆறு படுக்கை கொண்ட வார்டில் இருந்தேன். ஹார்மோன் மருத்துவர் வந்தார். கடவுள் என் விஷயத்தில் எவ்வளவு கவனமாக இருந்தான் பாருங்கள்: இளம் பெண், தமிழ்ப் பெண். என் அண்ணன் மகள் வயது. திரையை இழுத்துவிட்டார். அந்தத் திரை கண்ணைத்தான் மறைக்கும், காதை மறைக்காது. வசந்தி என் இடது பக்கம் நின்று போர்வையை மடித்துக்கொண்டிருந்தாள்.

"அங்கிள், சில கேள்வி கேக்கணும். தப்பா எடுத்துக்காதீங்க," என்றார் மருத்துவர். பள்ளிக்கூடத் தமிழைத் தேடிப்பிடித்தார். "உங்க... தாம்பத்திய நாட்டம் எப்படி இருக்கு?"

மேடையாக இருந்திருந்தால் இந்த ஒரு கேள்விக்கு நான் இருபது நிமிடம் பேசியிருப்பேன்.

"நான் விரதத்துல இருக்கேன் டாக்டர்."

"ஓகே. எப்போலேர்ந்து?"

"தைப்பூசத்துக்கு முன்னாடிலேர்ந்து."

"அங்கிள், இது செப்டம்பர்."

"நடுவுல நிறைய விசேஷம் வந்துச்சு."

அவர் சிரிக்கவில்லை. பேனாவை மூடினார். "அங்கிள், விரதம்னா ஆசை வரும், நீங்க கண்ட்ரோல் பண்ணுவீங்க. ரைட்? உங்களுக்கு கண்ட்ரோல் பண்ண வேண்டி இருந்துச்சா?"

ஒன்பது மாதத்தில் யாரும் கேட்காத கேள்வி. நானே கேட்டுக்கொள்ளாத கேள்வி.

"இல்ல," என்றேன்.

"விரதத்துக்கு முன்னாடி?"

"அப்பவும் இல்ல. ஒரு ரெண்டு வருஷமாவே."

போர்வை மடிக்கும் சத்தம் நின்றது. என் இடது பக்கம் எனக்குத் தெரியாது. தலையைத் திருப்பினால்தான் தெரியும். வசந்தி நிற்கிறாளா, போய்விட்டாளா? திருப்பவில்லை. திருப்பி, அங்கே வெறும் சுவர் மட்டும் இருந்துவிட்டால் என்ன செய்வது? மருத்துவர் பேசிக்கொண்டிருந்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு, இடது பக்கம் ஒரு மூச்சுச் சத்தத்துக்காகக் காது கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். மூளைக்கு அடியில், மூக்குக்கு நேர் பின்னால், பட்டாணி அளவில் ஒரு சுரப்பி இருக்கிறது. பிட்யூட்டரி என்று பெயர். உடம்பில் மற்ற சுரப்பிகளுக்கெல்லாம் அதுதான் மேஸ்திரி. அதில் எனக்கு ஒரு கட்டி. புற்றுநோய் இல்லை. ஆனால் அந்தக் கட்டி புரோலாக்டின் என்ற ஹார்மோனை அளவில்லாமல் கொட்டுகிறது. அது கூடினால் ஆணுக்கு ஆசையைத் தரும் டெஸ்டோஸ்டிரோன் குறைந்துவிடும். கட்டிக்கு நேர் மேலேதான் இரண்டு கண் நரம்பும் ஒன்றையொன்று குறுக்கே கடந்து போகின்றன. கட்டி அவற்றை அழுத்தினால் இரு பக்கப் பார்வையும் போகும். அதாவது ஆசை போனதும் ஆட்கள் மறைந்ததும் தலை கனத்ததும் ஒரே கையின் வேலை. அது முருகனுடைய கை இல்லை.

"அந்த புரோலாக்டின் எதுக்கு டாக்டர் இருக்கு? அதோட வேலை என்ன?"

"குழந்தை பிறந்ததும் அம்மாவுக்குப் பால் சுரக்க வைக்கிற ஹார்மோன் அங்கிள். ஆம்பளைங்களுக்கும் கொஞ்சமா இருக்கும். உங்களுக்கு ரொம்ப ரொம்ப அதிகம்."

பால்.

தலைக்குள்ளே பால்.

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தேன். நிறுத்த முடியவில்லை. சிரிப்பு எங்கே முடிந்து அழுகை எங்கே ஆரம்பித்தது என்று தெரியவில்லை. மருத்துவர் பயந்துபோய் என் மணிக்கட்டைப் பிடித்தார். பொய்யாகத் தூக்கிய குடத்தை முருகன் திருப்பி வாங்கிக்கொள்ளவே இல்லை என்பதை அந்தப் பெண்ணிடம் எந்தத் தமிழில் சொல்வது? கட்டி அதற்கும் முன்னாலேயே வளர்ந்துகொண்டிருந்தது என்று அவர் பிறகு பொறுமையாக விளக்கினார். அறிவு ஏற்றுக்கொண்டது. உச்சந்தலை ஏற்றுக்கொள்ளவில்லை.

கடைசியில் தலையைத் திருப்பினேன். மடித்த போர்வை நாற்காலியில் இருந்தது. வசந்தி இல்லை.

அன்றைக்கு அவள் திரும்பி வரவில்லை. மகள்தான் வந்தாள். சார்ஜர், பல் துலக்கும் பிரஷ், என் பழைய கைலி எல்லாம் கொண்டுவந்தாள்.

"அம்மா எங்கம்மா?"

"வீட்ல. டயர்டா இருக்காங்களாம் பா. பா, ஆர் யூ ஓகே? நான் பிட்யூட்டரி பத்தி ஆன்லைன்ல படிச்சேன். மோஸ்ட்லி மருந்துலயே சரியாகிடுமாம்."

வேறு என்னென்ன படித்திருப்பாள் என்று யோசித்துக் கைலியை முகத்தில் போட்டுக்கொண்டேன்.

அன்று மாலை பார்வைப் பரிசோதனைக்குச் சக்கர நாற்காலியில் அழைத்துப் போனார்கள். வெள்ளைக் கிண்ணம் ஒன்றுக்குள் முகத்தை வைத்து, நடுப்புள்ளியையே பார்க்க வேண்டும். ஓரத்தில் சின்ன வெளிச்சம் மினுக்கினால் பட்டனை அழுத்த வேண்டும். எனக்கு நடுவில் தவிர எங்குமே மினுக்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்தேன். பிறகு தாளம் போட்டு, நானாகவே அழுத்திக்கொண்டு போனேன்.

அங்கிருந்த மலாய்ப் பெண்மணி இயந்திரத்தை நிறுத்தினார். வெளிச்சமே காட்டாத நேரத்திலும் நான் அழுத்துகிறேன், இப்படி ஏமாற்றுபவர்களைப் பிடிக்கவே நடுவில் இயந்திரம் சும்மா இருந்து பார்க்கும் என்று சொன்னார். முருகன் ஒன்பது மாதம் எடுத்துக்கொண்டான். இயந்திரம் ஒன்பது நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டது.

"தெரியலைன்னா அழுத்தாதீங்க அங்கிள்," என்றார் வேலையில் பழகிய தமிழில். "தெரியலைன்னு சொன்னாதான் ஹெல்ப் பண்ண முடியும்."

'தெரியலை' என்ற அதே வார்த்தையை வேறு ஒருத்தியிடம் நான் சொல்லியிருக்க வேண்டும் என்று பட்டது. அடுத்த முறை இருட்டை இருட்டாகவே விட்டேன்.

மூன்றாம் நாள் மதியம் வசந்தி வந்தாள். நேராகப் படுக்கையின் கால்மாட்டுக்கு வந்து நின்றாள், எனக்குத் தெரியும் இடத்தில். கண் வீங்கியிருந்தது. மேசையை இழுத்து அடுக்குச் சட்டியைத் திறந்தாள்.

மீன் குழம்பு.

வார்டு முழுக்க மணந்தது. பக்கத்துப் படுக்கைச் சீனப் பெரியவர் திரையை விலக்கிக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

"சாப்பிடுங்க. விரதம் முடிஞ்சிருச்சு," என்றாள் வசந்தி.

இரண்டு தட்டு. அவளும் எதிரே உட்கார்ந்தாள். ஒன்பது மாதம் கழித்து அவள் மீன் முள்ளை எடுப்பதைப் பார்த்தேன்.

"வசந்தி, நான்..."

"சாப்பிட்டுட்டுப் பேசுங்க. முள் தொண்டைல மாட்டினா அதுக்கு வேற ஒரு டாக்டர் வரணும்."

சாப்பிட்டு முடித்ததும் அவள்தான் பேசினாள்.

"மொதல்ல நான் கிழவி ஆயிட்டேன்னு நினைச்சேன். டை அடிச்சுப் பார்த்தேன், நீங்க கவனிக்கல. அப்புறம் வேற யாரோ இருக்காங்கன்னு நினைச்சேன். உங்க போனைப் பார்த்தேன். அதுல பூரா லிஃப்ட் படம். அப்புறம் விரதம், விரதம், விரதம். எனக்கு முருகன் மேல பொறாமை வந்துச்சுங்க." குரல் இறங்கியது. "ஒருநாள் சந்நிதியில நின்னு, 'எம்புருஷனைத் திருப்பிக் குடு'ன்னு சண்டை போட்டேன். சாமிகிட்ட இப்படிப் பேசிட்டோமேன்னு வீட்டுக்கு வந்து அழுதேன். நீங்க ஹால்ல படுத்திருந்தீங்க. உங்களை எழுப்பல."

ஹாலில் நான் முழித்துக்கொண்டுதான் படுத்திருந்தேன். அந்த அழுகை எனக்குக் கேட்டது. அதையும் அன்று சொன்னேன். இந்தக் கதையிலேயே சொல்வதற்குக் கஷ்டமான வரி இதுதான்.

அவள் இரண்டு தட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். "ஆசை வரல வசந்தின்னு சொல்லியிருந்தா, ரெண்டு நாள் அழுதிருப்பேன். மூணாவது நாள் உங்க காதைப் புடிச்சு டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போயிருப்பேன். அவ்வளவுதாங்க. அதுக்கா இவ்வளவு பெரிய சாமி?"

மருந்து என்பது குட்டி மாத்திரை, வாரத்துக்கு இரண்டு முறை. கட்டியைச் சுருக்கும், புரோலாக்டினை இறக்கும். பார்வை மோசமானால் மூக்கு வழியாக அறுவை சிகிச்சை என்று சொல்லிக் காத்திருந்தார்கள்; தேவைப்படவில்லை. ஆறாவது நாள் அனுப்பினார்கள். பில்லை வசந்தி வாங்கி, மடித்து, கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். "உங்களுக்குத் தலைவலி வரக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க" என்றாள்.

புறப்படும் முன் மருத்துவர் இரண்டு பேரையும் சேர்த்து உட்கார வைத்துப் பேசினார். என்னைப் போன்ற ஒளிவிடக்காரர்கள் இதை மட்டுமாவது படிக்க வேண்டும். ஆசை குறைவது வேறு, முடியாமல் போவது வேறு; பசிக்காததும் மெல்ல முடியாததும் போல. எல்லாருக்கும் தலையில் கட்டி இருக்காது. தூக்கக் குறைவு, சர்க்கரை, மனச்சோர்வு, குடி, சில மாத்திரைகள், வீட்டுச் சண்டை என்று எதுவும் காரணமாக இருக்கலாம். பெண்களுக்கும் வரும். காரணத்தைத் தேடுவது அநேகமாகக் காலையில் எடுக்கும் ஒரு ரத்தப் பரிசோதனையில்தான் தொடங்கும். சாப்பிட்டுக்கொண்டிருக்கும் மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது. லேகியத்தை நம்பி உட்காரக் கூடாது. இதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்த்தார். வசந்தியும் பார்த்தாள்.

"ஆசை உடனே வராது அங்கிள். மாசக்கணக்கு ஆகலாம். தினமும் வந்துச்சா வந்துச்சான்னு டெஸ்ட் பண்ணாதீங்க. ஆன்ட்டி கையைப் புடிச்சுட்டு வாக்கிங் போங்க, அது போதும்."

பட்டனை நூறு தடவை அமுக்கினாலும் வரும் நேரத்துக்குத்தான் வரும். எனக்கே என் சரக்கு.

"இன்னொண்ணு. இந்த மாத்திரை சிலபேருக்கு மட்டும் ஆசையை ஓவரா ஆக்கிடும். சூதாட்டம், ஷாப்பிங், செக்ஸ். அப்படி மாறினா ஆன்ட்டி எனக்குச் சொல்லணும்."

"செக்ஸ் ஓவரானாலும் சொல்லணுமா?" என்று கேட்டாள் வசந்தி.

"சொல்லணும் ஆன்ட்டி."

"ஒரு வாரம் பார்த்துட்டுச் சொல்லலாம்ல?"

அன்றைக்குத்தான் அந்தப் பெண் முதல் முறையாகச் சிரித்தார்.

வீட்டுக்கு வந்தபின் வாந்தி உணர்வு, எழுந்தால் தலைசுற்றல், கீழ்த்தளம் வரைக்கும் நடை. வசந்தி என் கையைப் பிடித்துக்கொண்டு இடது பக்கம் வந்தாள். கை இருந்ததால் ஆள் இருக்கிறாள் என்று தெரிந்தது. ஜமால் பாய் வாரம் ஒருமுறை வந்து, "உன் ஃபிரெண்டு எப்படி இருக்கான்?" என்று விசாரித்தார். எங்கள் படுக்கை மறுபடி இருவர் படுக்கை ஆனது. ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காததை இரண்டு பேரும் சேர்ந்து படுத்துப் பார்ப்பதில் அவ்வளவு பயம் இல்லை என்று கண்டுபிடித்தேன்.

டிசம்பரில் ஒரு காலை. சமையலறையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். முகம் நேராக, கோப்பையைப் பார்த்தபடி. இடது ஓரத்தில் ஏதோ அசைந்தது. திரும்பவில்லை. மூங்கில் கழியில் துணி மாட்டிக்கொண்டு வசந்தி நின்றாள். ஈரக் கை. தூக்கிச் செருகிய கொண்டை. கழுத்தில் ஒட்டிய ஒரு முடி. தலையைத் திருப்பாமலே எல்லாம் தெரிந்தது. அவள் அங்கேயே இருந்தாள். இத்தனை நாளும் அங்கேயேதான் இருந்திருக்கிறாள்.

அப்புறம், நின்றுபோன மின்விசிறி எங்கோ ஒரு சுற்றுச் சுற்றியது.

எழுந்துபோய் அவள் தோளில் கை வைத்தேன்.

திரும்பினாள். என் முகத்தில் என்ன தெரிந்ததோ, கையிலிருந்த துணி அப்படியே நின்றது. கண் நிறைந்தது. (கொஞ்சமாகத்தான் எழுதியிருக்கிறேன், வசந்தி.) பிறகு வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"என்ன?"

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லல. அன்னைக்கு அவசரப் பிரிவுல ஸ்கேனுக்கு உள்ள போனீங்களே, அப்போ வேண்டிக்கிட்டேன். நீங்க பொழைச்சு வந்தா வர்ற தைப்பூசத்துக்கு நீங்க பால்குடம் எடுப்பீங்கன்னு. நாப்பத்தெட்டு நாள். முழு விரதம்." துணிக் கவ்வியால் சுவர்க் காலண்டரைக் காட்டினாள். "நாளைக்கு ஆரம்பிக்கணும்."

"நாளைக்குத்தானே?"

"பாப்பா குளிச்சிட்டு இருக்கா. சாயங்காலம் எங்க அம்மா வர்றாங்க, நீங்க விரதம் ஆரம்பிக்கிறதைப் பார்க்க. ராத்திரி தங்குறாங்க, நம்ம ரூம்ல."

"வசந்தி, முருகன்கிட்ட ஒரு வாரம் தள்ளிப்போடச் சொல்லிப் பேசிப் பார்க்கவா?"

"நீங்க அவர்கிட்ட பேசினதெல்லாம் போதும்."

இன்று ஒன்பதாம் நாள். கட்டி பாதியாகச் சுருங்கியிருக்கிறது, போய்விடவில்லை. இன்னும் பல வருடம் ஸ்கேனும் மாத்திரையும் உண்டு. இப்போதும் குளிக்கும்போது சில நாள் கை உச்சந்தலைக்குப் போகிறது. நடக்கும்போது சும்மா ஒருமுறை இடது பக்கம் திரும்பிப் பார்த்துக்கொள்கிறேன். இருக்கிறாள்.

ஹாலில் பாய் விரித்துப் படுக்கிறேன். அறைக் கதவு சாத்தப்படுவதில்லை. ஒரு சாண் திறந்தே இருக்கிறது. போன விரதத்தில் நான் ஒருநாள்கூட எண்ணியதில்லை. முடிந்துவிடுமோ என்றுதான் பயந்தேன். இந்த முறை முதல் வேலையாக எழுந்து காலண்டரிடம் போகிறேன். தாளின் மூலையில், பென்சிலில், பொடியாக ஒரு எண் இருக்கிறது. நாற்பத்தேழு. நாற்பத்தாறு. இன்றைக்கு முப்பத்தொன்பது.

எழுதியது நான் இல்லை.